கைநாட்டுக்கும் கையெழுத்துக்கும் நடுவே: சேலம், நாமக்கல் சமவெளியில் சேவைச் சங்கங்களும் முதியோர் கல்வியும்

ஒரே ஊரில், ஒரே மாலையில் இரண்டு கூட்டங்கள் நடக்கின்றன. ஒன்று ஓட்டல் மாடியிலோ சங்கத்தின் சொந்தக் கட்டடத்திலோ. தலைவர் மணியை அடித்துத் தொடங்கிவைக்கிறார். தமிழ்த்தாய் வாழ்த்து, செயலாளர் அறிக்கை, உறுப்பினர்களுக்குப் பிறந்தநாள், மணநாள் வாழ்த்து, சிறப்பு விருந்தினர் பேச்சு, பொன்னாடை, நன்றியுரை, நாட்டுப்பண், சாப்பாடு. மற்றொன்று மாரியம்மன் கோயில் திண்ணையிலோ அங்கன்வாடி வாசலிலோ. அங்கே ஒரு தகரப் பெட்டி, வாரச் சேமிப்பு, உள்கடன் கணக்கு, ஒரு தீர்மான நோட்டு. ஊக்குநர் எழுதுகிறார், மற்றவர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போடுகிறார்கள், ஓரிருவர் மட்டும் மைப்பெட்டிக்குக் கட்டைவிரலை நீட்டுகிறார்கள்.

முதல் கூட்டம் ரோட்டரியாக இருக்கலாம், அரிமாவாக இருக்கலாம், ஜேசீஸாகவோ இன்னர்வீலாகவோ இருக்கலாம். இரண்டாவது மகளிர் சுய உதவிக் குழு. இரண்டிலும் உறுப்பினர் பட்டியல் உண்டு, வருகைப் பதிவு உண்டு, வராதவரை ஏன் வரவில்லை என்று கேட்கும் வழக்கமும் உண்டு. இவ்வளவு ஒற்றுமை இருந்தும் இந்த இரு கூட்டங்களும் சந்திப்பது பெரும்பாலும் ஆண்டில் ஒரு நாள், நலத்திட்ட உதவி வழங்கும் மேடையில்தான்.

எழுத்துக் கற்க விரும்பும் பெரியவர்களுக்குச் சேவைச் சங்கங்கள் என்ன செய்ய முடியும், எங்கே தடுக்கி நிற்கின்றன என்பதைச் சேலம், நாமக்கல் சமவெளியை வைத்துப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்கங்களிடம் இருக்கும் பெரிய செல்வம் பணம் என்று பலர் நினைக்கிறார்கள். மழை வந்தாலும் குறித்த கிழமையில் குறித்த நேரத்தில் கூடிவிடுகிறார்களே, அந்தப் பழக்கம்தான் பெரிய செல்வம். ஐம்பது வயதில் ‘அ’ எழுதப் பழகும் ஒரு பெண்ணுக்கு வேண்டியதும் அதுவே. அதைக் கொடுக்காமல் நோட்டும் பேனாவும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அளவைப் பார்த்துவிடுவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. சேலம் மாவட்டத்தில் அது 73 விழுக்காடு, நாமக்கல்லில் 75ஐ நெருங்கியது. பெண்களை மட்டும் எடுத்தால் இரண்டு மாவட்டங்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்போது சேலத்தின் மக்கள்தொகை சுமார் 34.8 லட்சம், நாமக்கல்லின் மக்கள்தொகை 17.3 லட்சம். ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால், எழுத்தறியாதவர்கள் இரு மாவட்டங்களிலும் சேர்ந்து பன்னிரண்டு லட்சத்தை ஒட்டி வருகிறார்கள். அதற்குப் பிறகு பலர் காலமாகியிருப்பார்கள், சிலர் கற்றிருப்பார்கள். ஆனாலும் இது ஏதோ ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் சிறு கூட்டத்தின் குறை இல்லை.

இது வேலையில்லாத ஊரும் இல்லை. சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, இளம்பிள்ளையில் சேலை, பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி, நாமக்கல்லில் லாரியும் கோழிப்பண்ணையும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி, ஆத்தூர் முதல் இராசிபுரம் வரை ஜவ்வரிசி ஆலை. கையில் தொழில் உள்ள ஊர். அதுவேதான் காரணமும்கூட என்று நினைக்கிறேன். ஒரு தலைமுறைக்கு முன்பு பத்து வயதுப் பையனுக்குத் தறியில் கூலி கிடைத்தது, பட்டறையில் இடம் கிடைத்தது, லாரியில் கிளீனராக ஏற முடிந்தது. வீட்டுக்கு உடனே காசு வரும் இடத்தில் பள்ளிக்கூடம் தோற்றுப்போனது. அந்தப் பையன் இன்று ஐம்பதைத் தொட்டிருப்பார். அவருடைய அக்காவும் தங்கையும் அவருக்கு முன்பே பள்ளியை விட்டவர்கள்.

சேவைச் சங்கம் என்ற அமைப்பு இங்கே பிறந்தது அல்ல. சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் 1905இல் மூன்று நண்பர்களோடு கூடியது ரோட்டரியின் தொடக்கம். உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறைவைத்துச் சுழன்று கூடியதால் அந்தப் பெயர் வந்தது. அதே நகரில் 1917இல் மெல்வின் ஜோன்ஸ் முயற்சியில் லயன்ஸ் எழுந்தது. தமிழில் அதற்கு அரிமா என்று அழகான பெயர் கிடைத்துவிட்டது. சென்னைக்கு ரோட்டரி 1929இல் வந்தது. சேலம், நாமக்கல், திருச்செங்கோடு, இராசிபுரம் போன்ற ஊர்களில் வணிகர், மருத்துவர், ஆலை உரிமையாளர், பள்ளித் தாளாளர், தணிக்கையாளர் என்று ஊரின் நாலு பேரும் சேரும் இடமாக இந்தச் சங்கங்கள் வேரூன்றின. பெண்களுக்கு நெடுநாள் கதவு திறக்கவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்த பிறகே ரோட்டரி தன் விதியை மாற்றி, 1989 முதல் உலகெங்கும் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. இந்தத் தாமதத்தைக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. இங்கே எழுத்து வேண்டி நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்கள் சங்கத்துக்குள் தாமதமாகத்தான் வந்தார்கள்.

கூட்டத்துக்கு வருவோம். ரோட்டரியில் வாரந்தோறும் கூட வேண்டும் என்பது நீண்டகால விதி. ஒருவர் தன் சங்கக் கூட்டத்தைத் தவறவிட்டால், வெளியூர் போன இடத்தில் வேறொரு சங்கத்தின் கூட்டத்தில் உட்கார்ந்து வருகையை ஈடுசெய்வார். 2016இல் விதி தளர்ந்து, மாதம் இரண்டு கூட்டம் போதும் என்றானது. தளர்ந்தது சரியா தவறா என்பது அவர்கள் விவகாரம். ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இவ்வளவு பேரைக் குறித்த நேரத்துக்கு நாற்காலியில் உட்கார வைத்த ஒழுங்கு சாதாரணமானது அல்ல. நம் ஊரில் ஐந்து மணி என்று அச்சடித்த கூட்டம் ஆறரைக்குத் தொடங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இந்த ஒழுங்கோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு ஒழுங்கும் வருகிறது. முதியோர் கல்வி தடுக்கி விழுவது அங்கேதான். சங்கத்தின் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் ஓராண்டுக்குத்தான். ஜூலையில் பதவியேற்பு விழா. ஆகஸ்டில் கொடியேற்றம், மரம் நடுதல். செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்தை ஒட்டி நல்லாசிரியர் விருது. செப்டம்பர் 8 உலக எழுத்தறிவு நாள். ரோட்டரிக்குச் செப்டம்பர் மாதமே அடிப்படைக் கல்விக்கும் எழுத்தறிவுக்கும் உரியது. அந்த மாதத்தில் ஒரு முதியோர் கல்வி மையம் திறக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு தீபாவளி, சங்க மாவட்ட ஆளுநர் வருகை, பொங்கல், மருத்துவ முகாம், மாவட்ட மாநாடு. ஜூலை வந்ததும் புதிய தலைவர், புதிய கனவு, புதிய பேனர். பழைய தலைவர் தொடங்கிய மையத்தைத் தொடர்வதில் புதியவருக்குப் பெயர் கிடைக்காது. யாருடைய கெட்ட எண்ணமும் இதில் இல்லை. எல்லோரும் மனதார உழைக்கிறார்கள், ஆனால் ஓராண்டுக்குள் முடிகிற வேலையையே உழைப்பு தேடிப்போகிறது.

ஓராண்டு ஆட்சி என்பதால் நீண்ட வேலை முடியாது என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. ரோட்டரி போலியோவைக் கையில் எடுத்தது 1985இல். இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது 2014 மார்ச் 27 அன்று. இடையில் ஒவ்வொரு சங்கத்திலும் முப்பது தலைவர்களுக்கு அருகில் மாறியிருப்பார்கள். சொட்டு மருந்து முகாம் மட்டும் மாறவில்லை. அந்தக் குறிக்கோள் எந்தத் தலைவருடைய சொந்தத் திட்டமாகவும் இல்லாமல் சங்கத்துக்கே உரியதாக இருந்தது. இந்த ஊர்களில் அரசு ஊழியர்களோடு சேர்ந்து சொட்டு மருந்து மையங்களில் நின்ற அதே சங்கங்கள் எழுத்தையும் அப்படிச் சுமக்க முடியும். ரோட்டரியின் இந்திய எழுத்தறிவுத் திட்டத்தில் ஆசிரியர் ஆதரவு, மின்வழிக் கற்றல், வயது வந்தோர் எழுத்தறிவு, குழந்தை மேம்பாடு, மகிழ்ச்சிப் பள்ளி என்று ஐந்து பிரிவுகள் உள்ளன. ஐந்தில் முதியோர் பிரிவுதான் எல்லாவற்றிலும் கடினமானது. பள்ளிக்குக் கழிப்பறை கட்டினால் கல்வெட்டு வைக்கலாம், கணினித் திரை கொடுத்தால் அதன் முன் நிற்கலாம். ஒரு பாட்டி பேருந்தின் ஊர்ப் பலகையைப் படித்துவிட்டு ஏறுவதற்கு முன்னால் எந்த மேடையும் போட முடியாது.

இந்த மண்ணில் உடனிருந்து செய்யும் பணிக்குப் பழைய முன்னுதாரணம் ஒன்று உண்டு. ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், பெரிய வழக்கறிஞர். அவர் 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியபோது சேலத்திலிருந்து வாரம் ஒருமுறை வந்துபோகவில்லை. அங்கேயே குடிவந்தார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு என்று அந்த ஆசிரமம் செய்தவற்றின் பலத்துக்கு, அக்கம்பக்கத்துக் கிராமத்தார் அவரைத் தினமும் பார்க்க முடிந்தது ஒரு காரணம். சேவைச் சங்க உறுப்பினர் யாரும் கடையை மூடிவிட்டுக் குடிசைக்குப் போக வேண்டியதில்லை. தினமும் கண்ணில் படும் ஒருவர் இருக்கிறாரா என்பதே கேள்வி.

இன்னொரு முன்னுதாரணம் திராவிட இயக்கத்தின் படிப்பகங்கள். திராவிடர் கழகம் பெயர் பெற்ற 1944 மாநாடு சேலத்தில்தான் நடந்தது. படிப்பகம் என்றால் கீற்றுக் கொட்டகை, ஒரு பெஞ்சு, நாலு பத்திரிகை. படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார், தெரியாதவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள், கேட்டுக் கேட்டுத் தலைப்பு எழுத்துகளைக் கூட்டத் தொடங்குவார்கள். அங்கே யாரும் மாணவர் இல்லை. பள்ளிக்குப் போகாத குறை ஒருவரை அந்தப் பெஞ்சிலிருந்து எழுப்பிவிடவில்லை. ஆனால் அது ஆண்களின் இடமாகவே இருந்தது.

அரசின் முயற்சிகள் வரிசையாக வந்தன. தேசிய முதியோர் கல்வித் திட்டம் 1978 அக்டோபர் 2இல் தொடங்கியது. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் வந்தது. எர்ணாகுளம் மாவட்டம் 1990இல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்ட வேகத்தில் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் பிறந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்துப் புதுக்கோட்டையை யாரும் மறக்க முடியாது. கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் பாட்டும் வீதி நாடகமுமாக ஊர் ஊராகப் போனார்கள். அது பிற மாவட்டங்களுக்கும் பரவி, தெருவிளக்கின் கீழ் ஆயிரக்கணக்கான மையங்கள் நடந்தன. 1991இல் 63ஆக இருந்த தமிழ்நாட்டின் எழுத்தறிவு விழுக்காடு 2001இல் 73ஆக உயர்ந்தது. இதில் பள்ளிக் கல்வியின் பங்கு பெரிது, ஆனால் அந்த மையங்களின் பங்கும் இருக்கிறது.

பிறகு 2009இல் சாக்ஷர் பாரத், 2020இல் கற்போம் எழுதுவோம், இப்போது 2022 முதல் 2027 வரை புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். இதில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட எழுத்தறியாதவர்கள் கற்போர், கற்றுத் தருபவர் தன்னார்வலர், அவருக்கு ஊதியம் கிடையாது. பாடம் இருநூறு மணி நேரம். முடிவில் படித்தல், எழுதுதல், கணக்கு மூன்றுக்கும் ஐம்பது ஐம்பதாக நூற்றைம்பது மதிப்பெண் தேர்வு. பள்ளிப் பிள்ளைகளுக்கான இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். பாட்டிக்குக் கற்றுத் தருபவருக்கு அதுவும் இல்லை. சங்கங்கள் நுழைய வேண்டிய முதல் இடைவெளி இதுதான் என்பேன். ஒரு ஊரில் ஐந்து தன்னார்வலர்களுக்கு ஆறு மாதம் போக்குவரத்துச் செலவும் சிறு மதிப்பூதியமும் கொடுக்க ஆகும் பணம், ஒரு பதவியேற்பு விழாவின் சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது.

இருநூறு மணி நேரம் என்ற எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். சங்கத்தார் தாங்கள் கூடுவதுபோல வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் வகுப்பு நடத்தினால் முடிக்க நூறு வாரம் ஆகும். அதற்குள் இரண்டு தலைவர்கள் மாறிவிடுவார்கள். கற்பவர் போன வாரம் கற்ற எழுத்தை இந்த வாரம் மறந்திருப்பார். வாரம் ஐந்து நாள், தினம் ஒன்றரை மணி நேரம் என்றால் இருபத்தேழு வாரத்தில் முடியும். தினசரி வகுப்பை உள்ளூர்த் தன்னார்வலர்தான் நடத்த முடியும். சங்க உறுப்பினர் செய்யக்கூடியது அந்த ஐந்து நாளில் ஒருநாள் தவறாமல் போய் உட்காருவது. பேச வேண்டாம், பரிசு கொடுக்க வேண்டாம். ஒருவர் எழுதியதைப் பக்கத்தில் அமர்ந்து படித்துப் பார்த்தாலே போதும். வாரத்துக்கு ஒருவர் என்று முப்பது உறுப்பினர்கள் முறைவைத்தால், ஆறு மாதத்தில் ஒருவருக்கு ஒருமுறைக்கு மேல் வராது.

எதைக் கற்றுக் கொடுப்பது என்பதில் இந்தச் சமவெளி தனக்கென ஒரு பாடநூல் வைத்திருக்கிறது. வெள்ளிப் பட்டறைக்காரருக்கு எடை, டச் என்னும் தூய்மை அளவு, சேதாரம் எல்லாம் விரல் நுனியில் இருக்கும். பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியாரைவிட வேகமாகப் பெருக்குவார். ஆனால் வியாபாரி எழுதிக் கொடுக்கும் சீட்டில் என்ன இருக்கிறது என்று படிக்க மகனைக் கூப்பிட வேண்டும். தறிக்காரருக்கு முன்பணக் கணக்கு. அதில் கழித்தது எவ்வளவு, நிற்பது எவ்வளவு என்பதை முதலாளியின் நோட்டு மட்டுமே சொல்லும். குச்சிக்கிழங்கு பயிரிடுபவர் பத்து மாதம் காத்திருந்து ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டுபோகிறார். மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் விலை. அந்தச் சீட்டில் உள்ள புள்ளியும் விலையும் எடையும் சேர்ந்ததே அவருடைய ஓராண்டு. இவர்களுக்கு ‘அணில்’, ‘ஆடு’ என்று தொடங்குவது மரியாதைக் குறைவு. கூலிச் சீட்டிலிருந்து தொடங்கினால் முதல் வாரமே வகுப்புக்கு வந்த பலன் தெரியும்.

பெண்களுக்கு இன்னொரு அவசரப் பாடம் இருக்கிறது. நுண்கடன் நிறுவனங்களின் வாரத் தவணை இந்த மாவட்டங்களின் தெருக்களில் எல்லாருக்கும் தெரிந்த கதை. கடனின் வட்டி, கட்டணம், மொத்தம் திருப்ப வேண்டிய தொகை எல்லாம் அடங்கிய விவரத்தாளும் கடன் அட்டையும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி செய்துவிட்டது. மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. தாளில் தமிழ் இருக்கிறது, வாங்குபவருக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லை. அந்த விவரத்தாளையே வகுப்பில் விரித்து வைத்துப் படிக்க ஒரு வங்கி மேலாளரோ தணிக்கையாளரோ வரலாம். எந்தச் சேவைச் சங்கத்திலும் அப்படி இரண்டு பேராவது இருப்பார்கள். மேடையில் ‘நிதி விழிப்புணர்வு’ என்று அவர் முக்கால் மணி நேரம் பேசுவதைவிட, பன்னிரண்டு பெண்களோடு தரையில் அமர்ந்து ஒரு தாளை வரிவரியாகப் படிப்பது பயன் தரும்.

அடுத்து, பலர் கவனிக்காத ஒன்று: கண். நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும். அதற்குத் தமிழில் வெள்ளெழுத்து என்று பெயர். எழுத்தோடு வாழ்ந்தவர்கள் வைத்த பெயர் என்று தோன்றுகிறது, எழுத்து வெளுத்துப்போகும்போதுதானே அவர்களுக்கு அது தெரியவரும். எழுத்தே அறியாதவருக்குத் தனக்கு வெள்ளெழுத்து வந்தது தெரியாது. ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவார், அவ்வளவுதான். அவரை வகுப்பில் உட்கார வைத்தால் எழுத்து மங்கலாகத் தெரியும். ‘எனக்கு மண்டையில ஏறலீங்க’ என்று நின்றுவிடுவார். தன் மூளையைக் குறை சொல்வார், கண்ணைச் சொல்ல மாட்டார். அசாமில் நாற்பது வயதைத் தாண்டிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கிட்டத்தில் பார்க்க உதவும் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த அளவு, பெறாதவர்களோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடியது. இலை பறிக்கவே கண்ணாடி இவ்வளவு உதவினால் எழுத்துக்கு எவ்வளவு உதவும்? ஹெலன் கெல்லர் 1925இல் லயன்ஸ் மாநாட்டில் வந்து கேட்டுக்கொண்டது முதல் கண் அரிமா சங்கத்தின் சொந்த வேலை. கண் முகாம் நடத்தாத அரிமா சங்கம் இந்தப் பக்கம் இருக்காது. அந்த முகாமை முதியோர் வகுப்பின் முதல் வாரத்தில், அதே இடத்தில் வைத்தால் போதும். முகாமும் வகுப்பும் இரண்டு வெவ்வேறு கோப்புகளில் கிடப்பதால்தான் இது நடக்காமல் போகிறது.

எழுத்துக் கற்றவர்களுக்கு அடுத்த படி என்ன என்பதில் நாமக்கல்லுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. சரக்கு லாரி போன்ற போக்குவரத்து வாகன உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற மத்திய விதி 2019 வரை இருந்தது. கிளீனராக ஏறி இருபது வருடம் வண்டியோடு வாழ்ந்தவருக்கும் அந்தக் காகிதம் இல்லாமல் உரிமம் இல்லை. தனித்தேர்வர்களுக்கு அரசுத் தேர்வுத் துறை நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வு இப்படி லாரிக்காரர்களின் தேர்வாகவும் ஆனது. 2019இல் அந்த விதி நீக்கப்பட்டது. வேலை வாய்ப்பு என்ற அளவில் அது நல்ல முடிவு. ஆனால் பெரியவர்களைப் புத்தகத்தைத் தொட வைத்த ஒரு கட்டாயமும் அதோடு போய்விட்டது. படிக்க வேண்டிய தேவை மட்டும் குறையவில்லை. மின்வழிச் சீட்டு, ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி, அபராத அறிவிப்பு என்று ஓட்டுநரின் கைப்பேசிக்கு வருவது எல்லாம் எழுத்தாகவே வருகிறது.

எட்டாம் வகுப்புக்கு மேல் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத நினைப்பவர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்து, ஒதுக்கிய பள்ளிக்குப் போய்வர வேண்டும். அறிவிப்பு வருகிற நாளைத் தவறவிட்டால் ஓராண்டு போகும். விண்ணப்பத்தை இணையத்தில் பதிய வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், வேலையில் விடுப்புக் கேட்க வேண்டும். முப்பத்தைந்து வயதில் தேர்வெழுதும் ஒரு நூற்பாலைத் தொழிலாளிக்கு இயற்பியல் பாடத்தைவிட இந்த வழி கடினம். இங்கே சங்கத்தின் பணம்கூட வேண்டாம். உறுப்பினரில் ஒருவர் பள்ளித் தாளாளராக இருப்பார், ஒருவர் ஆலை முதலாளியாக இருப்பார். ஒருவர் பயிற்சிக்கு வழிகாட்டலாம், மற்றவர் தேர்வு நாட்களுக்குக் கூலியோடு விடுப்புத் தரலாம். முதலாளி தன் சொந்த ஆலையிலிருந்து தொடங்குவதைவிட நேர்மையான சேவையை என்னால் நினைக்க முடியவில்லை. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறையாக முடிக்காமல் நேரடியாகப் பெறும் திறந்தவெளிப் பட்டம் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லாது. இதை முன்கூட்டிச் சொல்ல ஆளில்லாமல் பணமும் வருடமும் இழந்தவர்கள் உண்டு.

மறுபடி அந்தத் தகரப் பெட்டிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. அடுத்த கட்டத்தில் சேர்ந்த மாவட்டங்களில் சேலமும் ஒன்று, அப்போது நாமக்கல்லும் அதற்குள்தான் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பெண்கள் கூட்டம் போடத் தெரிந்தவர்கள். தீர்மானம் நிறைவேற்றத் தெரியும், கடனுக்குப் பொறுப்பேற்கத் தெரியும். பெயரைக் கையெழுத்தாகப் போடப் பலர் கற்றது குழுவில்தான். கற்றது பெரும்பாலும் அதோடு நின்றது. பெயர் எழுதத் தெரிந்த பெண்ணுக்குத் தீர்மான நோட்டில் மேலே எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது. ஊக்குநர் வாசித்ததை நம்பிக் கீழே கையெழுத்துப் போடுகிறார். எழுத்தறிவு வகுப்புக்குப் புதிதாக இடமும் ஆளும் தேட வேண்டாம், இந்தக் குழுவே வகுப்பு. ஒவ்வொரு கூட்டத்திலும் போன வாரத் தீர்மானத்தை ஊக்குநர் அல்லாத ஒருவர் படிக்க வேண்டும் என்று வைத்தால் அதுவே பாடம்.

சங்கத்துக்கும் குழுவுக்கும் பாலம் போட ரோட்டரியின் விதியிலேயே இடம் இருக்கிறது. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த எம். ஏ. டி. காப்பராஸ் உலகத் தலைவராக இருந்த 1986–87 ஆண்டில் ரோட்டரி கிராமக் குழு என்ற அமைப்பைக் கொண்டுவந்தார். இன்று அதன் பெயர் ரோட்டரி சமுதாயக் குழு. ரோட்டரி உறுப்பினர் அல்லாத ஊர் மக்கள் தங்களுக்குள் கூடி, தங்கள் ஊரின் தேவையைத் தாங்களே முடிவு செய்து, சங்கத்தின் துணையோடு செய்ய வேண்டும் என்பது எண்ணம். எண்ணம் நல்லது. நடைமுறையில் பல இடங்களில் அது ஆண்டறிக்கையில் ஒரு எண்ணாக நிற்கிறது. ஒரு மகளிர் குழுவைச் சமுதாயக் குழுவாக ஏற்று, ஆண்டுக்கு நான்கு முறையாவது அந்தப் பெண்கள் ஓட்டல் மாடியில் வந்து உட்கார்ந்து வகுப்பின் வரவு செலவைத் தாங்களே படித்தால், மணியடித்துத் தொடங்கும் அந்தக் கூட்டத்துக்கும் உயிர் வரும்.

‘கைப்பேசியே பேசுகிறதே, இனி எழுத்து எதற்கு?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. எழுதத் தெரியாதவர் வாட்ஸ்அப்பில் குரலை அனுப்புகிறார். ரேஷன் கடையில் படித்தவரும் விரலைத்தான் வைக்கிறார், கைநாட்டு என்பது இழிவாக இருந்த காலம் ஒருவகையில் போய்விட்டது. ஆனால் சுண்ணாம்பும் சாயமும் சிமெண்டும் தின்ற விரலில் ரேகை பதியாமல் திரும்புபவர்களைக் கேட்டால் தெரியும். ஓடிபி எண்ணைக் கேட்டு ஒருவன் பேசும்போது, அதே குறுஞ்செய்தியில் ‘யாரிடமும் சொல்ல வேண்டாம்’ என்று எழுதியிருப்பதைப் படிக்க முடியாதவரின் பணம்தான் முதலில் போகிறது.

  

தன்னார்வலர் யார் என்பதில் மட்டும் ஒரு சொல். கல்லூரி மாணவியை அனுப்புவது எளிது. ரோட்டராக்ட், லியோ என்று இளையோர் பிரிவுகளும் உள்ளன. ஆனால் தேர்வு வந்ததும் அவர் போய்விடுவார், குற்றம் சொல்ல முடியாது. அதே தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துத் திருமணமாகி வந்த பெண், ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர், தறி ஓட்டிக்கொண்டே பத்தாம் வகுப்பு எழுதித் தேறியவர் போன்றவர்கள்தான் நிற்பார்கள். ‘இந்த வயசுல எனக்கு எதுக்குங்க கண்ணு’ என்று தயங்குகிற பாட்டியிடம், ‘நாளைக்கு வாங்க ஆத்தா, நான் இருக்கேன்’ என்று இவர்களில் ஒருவரால் சொல்ல முடியும். மறுநாள் அவர் அங்கே இருப்பார்.

நாளும் இந்த ஊருக்கு ஏற்றபடி குறிக்க வேண்டும். எழுத்தறிவு நாள் வரட்டும் என்று செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டாம். சேலம் கோட்டை மாரியம்மனுக்கு ஆடிப் பண்டிகை முடிந்ததும், புதிய தலைவர் பதவியேற்ற சூடு ஆறுவதற்குள், ஆவணி முதல் வாரத்தில் தொடங்கிவிடலாம். முதல் சனிக்கிழமை கண் பரிசோதனை. தீபாவளிக்கு முன்பு தறியும் பட்டறையும் இரவு பகலாக ஓடும், அந்த இரண்டு வாரம் விடுமுறை. பொங்கலுக்கு ஒரு வாரம். வகுப்பு நேரம் அவரவர் வேலை முடிந்து, வீட்டில் அடுப்பை அணைத்த பிறகு, ஏழரையிலிருந்து ஒன்பது. இப்படிக் கணக்குப் போட்டால், பங்குனிப் பண்டிகைக்கு ஊரில் கம்பம் நடுவதற்கு முன் இருநூறு மணி நேரம் கூடிவிடும்.